நிரபராதிக் கல்

1

வியாதிகளின் சரித்திரம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வைத்தியர்களின் சரித்திரத்தையே எழுதி முடித்துவிடுகிறார்கள். யார், எந்த ஊரில், எந்த ஆண்டு எதைக் கண்டுபிடித்தார் என்ற வரிசை. இந்தக் கட்டுரையிலும் ஊர்களும் ஆண்டுகளும் வரும். ஆனால் நான் பின்தொடர நினைப்பது ஒரு சொல்லின் சரித்திரத்தை.

1911இல் அமெரிக்க சர்ஜன் வில்லியம் மேயோ ஒரு மருத்துவக் கட்டுரை வெளியிட்டார். நிரபராதியான பித்தக்கல் என்பது கட்டுக்கதை, இதுதான் தலைப்பின் பொருள். 1982இல் கிரேஸி, ரான்ஸோஹாஃப் என்ற இரண்டு மருத்துவர்கள் வேறொரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன் தலைப்பு மேயோவின் தலைப்பையே எடுத்துக்கொண்டு மறுக்கிறது: நிரபராதியான பித்தக்கல் கட்டுக்கதை அல்ல. எழுபத்தோரு வருஷம் ஒரு அடைமொழியைப் பற்றி நடந்த சண்டை. நம் பத்திரிகைகளிலும் அடைமொழிகளுக்காகச் சண்டை நடந்ததுண்டு. யாருக்கும் ரத்தம் வந்ததில்லை. மேயோவின் தலைப்புக்கும் கிரேஸியின் தலைப்புக்கும் நடுவில் லட்சக்கணக்கான வயிறுகள் கிழிக்கப்பட்டன.

இதில் நான் நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. என் பித்தப்பையில் கற்கள் இருப்பதாக ஸ்கேன் சொல்கிறது. ஒன்றல்ல, பல, எல்லாம் சிறியவை. எட்டு மாதமாக எண்ணெயும் நெய்யும் குறைத்துச் சாப்பிட்டு வருகிறேன். ஒரு டாக்டர் எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் பார்க்கலாம் என்கிறார். இரண்டு பேருமே படித்தவர்கள், அனுபவஸ்தர்கள். ஒரே ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு இருவர் இரண்டு முடிவுக்கு வருகிறார்கள் என்றால், வேற்றுமை படத்தில் இல்லை, படிக்கிற முறையில் இருக்கிறது. படிக்கிற முறைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைத் தேடிப் போனதன் விளைவு இது.

2

தமிழில் பித்தம் என்ற சொல் உறுப்பை முந்திக்கொண்டு வந்துவிட்டது. வாதம், பித்தம், கபம் என்ற மூன்றில் ஒன்றாக, ஒரு குணமாக, ஏறக்குறைய ஒரு தத்துவமாகவே அது நம்மிடம் புழங்குகிறது. காலையில் வாய் கசந்தால் பித்தம். தலை சுற்றினால் பித்தம். பித்தம் தலைக்கேறினால் பித்து, சிவனே பித்தன். நவீனத் தமிழ்ச் சிறுகதையின் மிகப் பெரிய புனைபெயரிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பியரும் இதற்கு விலக்கல்ல. துயரத்துக்கு அவர்கள் வைத்த மெலங்கலி என்ற கிரேக்கச் சொல்லின் பொருள் கரும்பித்தம்.

இவ்வளவு அர்த்தச் சுமைக்கு அடியில் இருக்கும் ஸ்தூலமான பொருளோ மிகச் சாதாரணமானது. கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பை. முப்பது முதல் ஐம்பது மில்லிலிட்டர் வரை கொள்ளும். ஒரு சின்ன டம்ளர் காப்பிகூடப் பிடிக்காது. கல்லீரல் சுரக்கும் பித்தநீரை வாங்கி வைத்துக்கொள்கிறது. அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்குகிறது. கொழுப்பு சிறுகுடலுக்குள் வந்தால் பிழிந்து கொடுக்கிறது. அவ்வளவுதான் வேலை. பித்தநீரில் கரைந்து நிற்க முடிகிற அளவுக்கு மேல் கொலஸ்ட்ரால் சேர்ந்தால் அது படிகமாகி, படிகம் கல்லாகிறது. 1968இல் அட்மிரண்ட், ஸ்மால் என்ற இருவர் இதை ஒரு முக்கோண வரைபடமாகவே போட்டுக் காட்டினார்கள். கொலஸ்ட்ரால், பித்த உப்பு, லெஸித்தின் மூன்றும் எந்த விகிதம் வரைக்கும் சமாதானமாக இருக்கும், எங்கே முறிந்துகொள்ளும் என்பதற்கு ஒரு எல்லைக்கோடு. இன்னொரு ஜாதிக் கல்லும் உண்டு. சிவப்பணுக்கள் சிதைவதில் வரும் நிறமியால் ஆனது. கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும்.

காசநோய்க்கு ஒரு இலக்கியம் இருக்கிறது. கீட்ஸ், செகாவ், காஃப்கா, நம் புதுமைப்பித்தன் என்று அதில் போனவர்களின் பட்டியலே ஒரு இலக்கிய வரலாறு போல இருக்கும். வியாதியை உருவகமாக்குவதன் ஆபத்தைப் பற்றி ஸூஸன் ஸொன்டாக் 1978இல் புத்தகம் எழுதும்போது காசநோயும் புற்றுநோயும்தான் அவருக்குக் கிடைத்தன. பித்தக்கல் கிடைக்கவில்லை. அது வலி தரும், வாந்தி தரும், வாயு தரும், சோகம் தராது. கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு ராத்திரி பதினொரு மணிக்கு வலது விலாவில் ஆரம்பித்து, தோள்பட்டை வரை ஏறி, மூன்று நாலு மணி நேரம் உட்காரவும் விடாமல் படுக்கவும் விடாமல் இருந்துவிட்டு, வந்தது போலவே போய்விடும். இரண்டு தடவை எனக்கு அப்படித்தான் வந்தது. இதை வைத்துக் காவியம் பண்ண முடியாது. ஒருவேளை அதனால்தான் இதைப் பற்றிக் கொஞ்சம் தெளிவாக யோசிக்க முடிகிறதோ என்னவோ.

கல் மட்டும் மிகப் பழையது. தீப்ஸ் நகரத்து எகிப்தியப் பூசாரிணி ஒருத்தியின் பதப்படுத்திய உடலில், பித்தப்பைக்குள் சுமார் முப்பது கற்கள் இருந்தன. ஏறக்குறைய மூவாயிரம் வருஷம் அவை அப்படியே இருந்தன. லண்டன் சர்ஜன்கள் கல்லூரி மியூஸியத்துக்குக் கொண்டுவரப்பட்டு, இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்தன. வியாதிக்கும் சாவுக்கும் காரணம் பிணத்துக்குள்தான் இருக்கிறது என்று திறந்து பார்க்கத் தொடங்கியவர்களில் ஃப்ளாரன்ஸ் நகரத்து அந்தோனியோ பெனிவியெனி முக்கியமானவர். அவருடைய குறிப்புகளில் பித்தக்கல் வருகிறது. அவர் உயிரோடு இருந்தவரை அவை அச்சேறவில்லை. 1507இல் அவற்றை வெளிக்கொணர்ந்தவர் அவருடைய தம்பி ஜிரொலாமோ, ஒரு கவிஞர். கவிஞர்கள் மருத்துவத்துக்குச் செய்த நல்ல காரியங்களில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

3

பிணத்தில் பார்த்த கல்லை உயிருள்ளவன் வயிற்றிலிருந்து எடுக்க இன்னும் முந்நூற்று அறுபது வருஷம் ஆயிற்று. தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. பித்தநீர் வயிற்றுக்குள் சிந்தினால் ஆள் பிழைப்பதில்லை. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இருந்த ழான்-லூயி பெத்தி, பித்தப்பை வீங்கி வயிற்றுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் வெளியிலிருந்து கீறலாம் என்று விதி செய்தார். ஒட்டியிருந்தால் சிந்தாது. அதாவது, வியாதி தானே ஒரு வழி அமைத்துக் கொடுத்தால் சர்ஜன் அதன் வழியே போகலாம். இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

1867 ஜூன் 15 அன்று அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்தில் ஜான் பாப்ஸ் ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்தார். கட்டி என்று நினைத்துத் திறந்தது பித்தப்பையாக இருந்தது. கீறியதும் துப்பாக்கி ரவை போன்ற கற்கள் வந்து விழுந்தன. அவற்றை எடுத்துவிட்டுப் பையைத் தைத்து உள்ளே வைத்தார். அந்தப் பெண் பிழைத்தாள். பாப்ஸ் 1870இல் இறந்துபோனார். அவள் 20ஆம் நூற்றாண்டையும் பார்த்தாள்.

கல்லை எடுத்தாயிற்று. பை இருக்கிறது. பை இருந்தால் கல் மறுபடி வரும். இந்தத் தர்க்கத்தைக் கடைசி வரை கொண்டுபோனவர் பெர்லினில் கார்ல் லாங்கன்புக். கல் இருக்கிறது என்பதற்காக இல்லை, கல்லைச் செய்கிறது என்பதற்காகப் பையையே எடுக்க வேண்டும் என்று அவர் கருதினார். யானைக்கும் குதிரைக்கும் பித்தப்பை கிடையாது. 17ஆம் நூற்றாண்டிலேயே பித்தப்பை எடுக்கப்பட்ட நாய்கள் பிழைத்திருந்தன. லாங்கன்புக் பிணங்களில் பல காலம் செய்து பழகினார். 1882 ஜூலை 15 அன்று லாஸரஸ் ஆஸ்பத்திரியில், பதினாறு வருஷம் வலியில் கிடந்து மார்ஃபியாவுக்கு அடிமையாகிப்போன நாற்பத்து மூன்று வயதுக்காரர் ஒருவரின் பித்தப்பையை முழுதாக எடுத்தார். மறுநாள் அந்த மனிதர் வலியில்லாமல் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாராம். இங்கிலாந்தில் கல்லை மட்டும் எடுத்துப் பெயர் வாங்கிய லாஸன் டெயிட் இதை அபத்தம் என்று ஒதுக்கினார். காலம் லாங்கன்புக்கின் பக்கம் போய்விட்டது.

அந்த முதல் நோயாளி பதினாறு வருஷம் வலி பட்டவர் என்பதைக் கவனிக்க வேண்டும். லாங்கன்புக்கின் தர்க்கம் பிறந்தது வலியோடு வந்த ஒரு உடம்பின் முன்னால். வலியே இல்லாதவன் வயிற்றிலும் கல் இருக்கும் என்பது அந்தத் தர்க்கத்துக்குள் வரவில்லை. வலியில்லாத கல்லை உயிருள்ளவர்களிடம் பார்க்கும் வழியும் அப்போது இல்லை. 1924இல் ஸெயின்ட் லூயிஸில் கிரஹாம், கோல் இருவரும் எக்ஸ்ரேயில் பித்தப்பை தெரியும்படி செய்தார்கள். அதன் பிறகு வந்தது அல்ட்ராஸவுண்ட். இன்று வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போகிறவன் கல்லோடு திரும்பி வருகிறான். கருவி புதிதாக ஒரு பிரஜையை உண்டாக்கிவிட்டது: வலியில்லாத கல்காரன்.

4

மேயோ இவன் விஷயத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கல் என்றால் குற்றவாளி. இன்று மௌனமாக இருப்பது நாளை செய்யப்போவதை மறைக்கத்தான். மேயோ மோசமான சர்ஜன் அல்ல. அவரும் அவர் சகோதரரும் கட்டிய மருத்துவமனை உலகப் புகழ் பெற்றது. ஆனால் சர்ஜனிடம் வருகிறவர்கள் யார்? வலியோடு வருகிறவர்கள். கல் சீழ் பிடித்து, நாளம் அடைத்து, மஞ்சள் காமாலையோடு வருகிறவர்கள். வராதவர்களை அவர் பார்த்ததில்லை. தன் மேஜைக்கு வந்த கவிதைகளை மட்டும் வைத்து ஒரு தலைமுறையை எடைபோடும் பத்திரிகாசிரியரின் நிலைதான்.

கிரேஸியும் ரான்ஸோஹாஃபும் செய்தது, வராதவர்களைப் போய்ப் பார்த்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களுக்கு நடந்த பொதுப் பரிசோதனையில் கல் இருப்பதாகத் தெரிந்து, அதுவரை வலியே இல்லாதிருந்த 123 பேரின் பிற்கால வாழ்க்கையைப் பின்தொடர்ந்தார்கள். பதினைந்து வருஷத்தில் வலி வந்துவிடுகிற வாய்ப்பு நூற்றுக்குப் பதினெட்டுதான். பித்தப்பை வியாதியால் ஒருவரும் சாகவில்லை. வலியில்லாமல் திடீரென்று பெரிய ஆபத்து வருவது அபூர்வம். கல் முதலில் வலியாகப் பேசி எச்சரித்துவிட்டே அடுத்ததைச் செய்தது. ஆகவே பேசாத கல்லைச் சும்மா விடலாம்.

இந்த ஆய்வுக்கும் ஒரு ஓட்டை உண்டு. 123 பேரில் 110 பேர் ஆண்கள். பித்தக்கல்லோ பெண்களிடம்தான் அதிகம். இருந்தாலும் பின்வந்த ஆய்வுகள் அதன் அடிப்படை முடிவை அசைக்கவில்லை. இன்று வலி தராத கல்லைப் பொதுவாக எடுப்பதில்லை.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறொரு விஷயம். மேயோவும் கிரேஸியும் எதிரெதிராக நின்றாலும் இருவரும் கல்லைத்தான் விசாரிக்கிறார்கள். அது குற்றவாளியா, நிரபராதியா? நோயாளியின் கேள்வி அது இல்லை. பேசாத கல்லுக்கும் பேசிவிட்ட கல்லுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டாயிற்று. கோட்டைத் தாண்டியவன் என்ன செய்ய வேண்டும்? நான் தாண்டிவிட்டேன். நிரபராதி என்ற சொல் இனி எனக்கு உதவாது.

5

தாண்டியவனுக்கு முதலில் சொல்லப்படுவது பத்தியம். கொழுப்பைக் குறை. கொழுப்பான சாப்பாடு வலியைக் கொண்டுவரும் என்பது அனுபவமாக வெகுகாலம் தெரிந்த விஷயம். ஏன் என்பது 1928இல்தான் புரிந்தது. ஐவி, ஓல்ட்பெர்க் என்ற இருவர், கொழுப்பு குடலைத் தொட்டதும் குடல் சுவரிலிருந்து கிளம்பி ரத்தத்தின் வழியே போய்ப் பித்தப்பையைச் சுருங்க வைக்கும் ஒரு பொருள் இருப்பதைக் காட்டினார்கள். அதற்கு அவர்கள் வைத்த கோலிஸிஸ்டோகைனின் என்ற பெயருக்குப் பித்தப்பையை அசைப்பது என்று அர்த்தம். பை சுருங்கும்போது கல் வாயில் போய் அடைத்தால் வலி. கொழுப்பு வராவிட்டால் ஆணை வராது. ஆணை வராவிட்டால் சுருக்கம் பெரிதாக இருக்காது.

இந்தத் தர்க்கம் என் வீட்டுச் சமையலறையில் இப்படி நடக்கிறது. இட்லி உண்டு, மிளகாய்ப்பொடிக்கு நல்லெண்ணெய் கிடையாது. ரசத்துக்குக் கடுகை வெறும் கரண்டியில் பொரித்துப் போடுகிறார்கள். மோர் வெண்ணெய் எடுத்தது. தேங்காய்ச் சட்னி போய், பொட்டுக்கடலை சட்னி வந்திருக்கிறது. கேன்டீனில் மூன்றரை மணிக்கு வரும் மெதுவடையின் வாசனையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஊரிலிருந்து வந்த அத்தை, "ஒரு சொட்டு நெய் இல்லாம பருப்புச் சாதமாடா?" என்று கேட்டுவிட்டு, அதைச் சாப்பிட்டவன் மாதிரி என்னைப் பார்க்காமல் சாப்பிடாதவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீஸில் ஹெட் கேஷியர், "வாழைத்தண்டு சாறு குடிங்க சார், கரைஞ்சுடும்" என்றார். வாழைத்தண்டு சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படுவது. நம் பேச்சில் கல் என்றால் ஒரே கல்தான்.

எட்டு மாதமாக வலி வரவில்லை. பத்தியம் வேலை செய்கிறது என்று சொல்லலாம். அது செய்யும் வேலை எது என்று தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். பத்தியம் கல்லைத் தொடுவதில்லை. கல்லைத் தொந்தரவு செய்யாமலிருக்கிறது, அவ்வளவே.

இதற்குள் ஒரு முரண் இருக்கிறது. பையைச் சுருங்கவிடாமல் வைத்திருந்தால் பித்தநீர் தேங்கும், தேங்கினால் படியும். ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் ரத்தக்குழாய் வழியாக மட்டுமே உணவு ஏற்றப்படுகிறவர்களின் பித்தப்பையில் சேறு படிவதைப் பார்த்திருக்கிறார்கள். 1989இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், உடல் இளைக்க வேண்டி எட்டு வாரம் மிகக் குறைந்த உணவில் வைக்கப்பட்ட 51 பேரில் 13 பேருக்குப் புதிதாகக் கல் உண்டாயிற்று. சீக்கிரமாக இளைக்கும்போது உடம்பின் கொலஸ்ட்ரால் பித்தநீரில் வந்து கொட்டுகிறது. பையோ பிழியப்படாமல் கிடக்கிறது. அதாவது, பத்தியத்தை வெறியாக மாற்றினால் அது கல்லின் கட்சியில் சேர்ந்துவிடும். என் டாக்டர் கொழுப்பை ஒழிக்கச் சொல்லவில்லை, குறைக்கச் சொன்னார். நாளுக்குச் சில ஸ்பூன் எண்ணெய், நேரத்துக்குச் சாப்பாடு, பட்டினி கூடாது, அவசரமாக இளைக்கக் கூடாது. அதில் விஷயம் இருக்கிறது.

கரைத்துவிடலாம் என்ற கனவும் ஒரு காலத்தில் இருந்தது. 1972இல் கீனோடீயாக்ஸிகோலிக் அமிலம் கொலஸ்ட்ரால் கல்லைக் கரைப்பதாகத் தெரிந்ததும் பெரிய உற்சாகம். 1981இல் வெளியான அமெரிக்கக் கூட்டாய்வில், இரண்டு வருஷம் முழு அளவு மருந்து சாப்பிட்டும் கல் முற்றிலும் கரைந்தவர்கள் நூற்றுக்குப் பதினான்கு பேர்கூட இல்லை. கரைந்தவர்களிலும் பலருக்குத் திரும்ப வந்தது. கரடிப் பித்தத்திலிருந்து முதலில் பிரிக்கப்பட்ட அர்ஸோடீயாக்ஸிகோலிக் அமிலம் இதைவிடச் சாது. அதுவும் சிறிய கொலஸ்ட்ரால் கல்லுக்குத்தான். நிறமிக் கல்லைக் கரைக்க மாத்திரை இல்லை.

இந்த இடத்தில் நம் பக்கத்து விஷயம் ஒன்று குறுக்கிடுகிறது. எஸ். எல். மல்ஹோத்ரா என்ற மருத்துவர் இந்திய ரயில்வே ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வை 1968இல் வெளியிட்டார். வடக்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெற்கே இருப்பவர்களைவிட ஏழு மடங்கு அதிகமாகப் பித்தக்கல் இருந்தது. கல்லின் வகையிலும் வேற்றுமை உண்டு. வடக்கே கொலஸ்ட்ரால் கல் மேலோங்கியிருக்க, தெற்கே நிறமிக் கல்லுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அட்மிரண்டும் ஸ்மாலும் போட்ட முக்கோணம் நம் கற்களில் ஒரு பகுதியைத்தான் விளக்கும். எண்ணெயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, தட்டு நிறைய வெள்ளைச் சோறும் காப்பியில் சர்க்கரையும் தொடர்வதில் நியாயம் இல்லை. மாவும் சர்க்கரையும் மிகுந்த உணவையும் பித்தக்கல்லோடு தொடர்புபடுத்தும் ஆய்வுகள் உண்டு. என் கல் எந்த ஜாதி என்று அது வெளியே வந்தால்தான் உறுதியாகத் தெரியும்.

6

பத்தியத்தில் காத்திருப்பவனைப் பயமுறுத்த ஒரு கதையும், கத்திக்குப் போகிறவனைப் பயமுறுத்த ஒரு கதையும் 20ஆம் நூற்றாண்டு வைத்திருக்கிறது.

ஆண்டி வார்ஹோலுக்கு 1973இலேயே பித்தக்கல் வலி வந்துவிட்டது. 1968இல் சுடப்பட்டுச் சாவின் வாசலுக்குப் போய் மீண்டவர் அவர். ஆஸ்பத்திரி என்றால் அப்படி ஒரு பயம். பதினாலு வருஷம் தள்ளிப்போட்டார். 1987 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கில் ஆபரேஷன் நடந்தது. மறுநாள் காலையில் இறந்துகிடந்தார். வயது 58. சாதாரண ஆபரேஷனில் போய்விட்டார் என்றுதான் அன்று உலகம் பேசிக்கொண்டது. அவருடைய மருத்துவ விவரங்களைப் பின்னாளில் ஆராய்ந்த ஒரு அமெரிக்க சர்ஜன் அது சாதாரணமாக இல்லை என்கிறார். அதற்குள் பித்தப்பை அழுகிவிட்டிருந்தது. ஒரு மாதமாகவே வார்ஹோல் சுகமில்லாமல் சரியாகச் சாப்பிடாமல் இருந்தவர். ஸூப் டின்னைக் கலையாக்கியவர் கடைசியில் ஸூப்பும் குடிக்க முடியாத உடம்போடு மேஜையில் ஏறினார்.

எதிர்க் கதை ஆன்டனி ஈடனுடையது. பிரிட்டிஷ் வெளிநாட்டு மந்திரியாக இருந்த அவருக்கு 1953 ஏப்ரல் 12 அன்று லண்டனில் பித்தப்பை எடுக்கப்பட்டது. அதில் பித்தநாளம் சேதமாயிற்று. அதே மாதம் 29ஆம் தேதி மறுபடி திறந்தார்கள். ஜூனில் பாஸ்டனுக்குப் போய் ரிச்சர்ட் கேட்டலிடம் மூன்றாவது ஆபரேஷன். பிழைத்தார், 1955இல் பிரதம மந்திரியும் ஆனார். ஆனால் அந்த நாளத்திலிருந்து அவ்வப்போது குளிர் ஜுரம் கிளம்பிக்கொண்டே இருந்தது. சூயஸ் கால்வாய் நெருக்கடி முற்றிக்கொண்டிருந்த 1956 அக்டோபர் 5 அன்று அவருக்கு ஜுரம் 106 டிகிரி. அந்த மாதக் கடைசியில் எகிப்தின் மீது படையெடுப்பு தொடங்கிற்று. 1957 ஜனவரியில் உடல்நிலையைச் சொல்லிப் பதவி விலகினார். ஒரு பித்தநாளம் ஒரு சாம்ராஜ்யத்தைக் கவிழ்த்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கும். சரித்திரம் அவ்வளவு சுலபமாக ஒரு காரணத்துக்குள் அடங்காது. ஈடனுக்கு ஜுரம் இல்லாதிருந்தாலும் நாஸர் கால்வாயைத் தேசியமயமாக்கியிருப்பார். ஜுரக்காரர் எடுத்த முடிவுகளில் ஜுரத்தின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி மட்டும் நிற்கிறது.

இந்த இரண்டு கதைகளையும் எதிரெதிராக வைத்தால் ஒன்றை ஒன்று ரத்து செய்துவிடும் என்று தோன்றலாம். அப்படி இல்லை. வார்ஹோலின் கதை காலத்தைப் பற்றியது: எப்போது போகிறாய்? ஈடனின் கதை கையைப் பற்றியது: யாரிடம் போகிறாய், என்ன பார்த்து வெட்டுகிறார்? போகலாமா வேண்டாமா என்ற கேள்வி இரண்டிலும் இல்லை. இருவருமே பேசிவிட்ட கல்லை வைத்திருந்தவர்கள்.

7

1985 செப்டம்பர் 12 அன்று ஜெர்மனியில் போப்லிங்கன் என்ற ஊரில் எரிஷ் மூஹெ வயிற்றைக் கிழிக்காமல் துளை வழியாகப் பித்தப்பையை எடுத்தார். அடுத்த வருஷம் ஜெர்மன் சர்ஜன்களின் சங்கத்தில் சொன்னபோது எடுபடவில்லை. ஒரு நோயாளி இறந்ததில் வழக்கும் வந்தது, பிறகு விடுவிக்கப்பட்டார். அதே சங்கம் 1992இல் அவருக்கு விருது கொடுத்தது. அதற்குள் 1987இல் லியோனில் ஃபிலிப் மூரெ செய்து, பாரிஸ் வழியாக உலகமெங்கும் பரவிவிட்டது. பம்பாயில் டெஹெம்டன் உத்வாடியா 1990இல் செய்தார். சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. முதலில் நிராகரிப்பு, பிறகு விருது; நடுவில் வேறொருவர் பெயர்.

லாப்பராஸ்கோப்பி வந்த பிறகு நடந்தது இரண்டு. துளை சிறிதாக ஆக, துணிச்சல் பெரிதாயிற்று. ஆபரேஷன்களின் எண்ணிக்கை ஏறிற்று. ஆரம்ப வருஷங்களில் ஈடனுக்கு நேர்ந்த நாளச் சேதமும் திறந்த ஆபரேஷனைவிடக் கூடிற்று. கருவி மாறியது, கண் பழகவில்லை. 1995இல் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அமெரிக்க சர்ஜன் ஒரு விதியை வலியுறுத்தினார்: பித்தப்பைக்குள் போவது இரண்டே குழாய்கள் என்று கண்ணால் தெளிவாகப் பார்க்காதவரை எதையும் வெட்டாதே. சந்தேகமிருந்தால் நிறுத்து, திறந்து பார், அல்லது வெளியே வா. பெத்தியின் பழைய அடக்கம் வேறு உருவத்தில் திரும்பி வந்ததாகவே இதைப் படிக்கிறேன்.

சமீபத்திய ஆய்வுகள் நம்பிக்கையை இன்னும் கொஞ்சம் தணிக்கின்றன. 2019இல் வெளியான டச்சு ஆய்வில், கல்லும் வயிற்று வலியும் இருந்த 1067 பேரில், வழக்கமான முறையில் கவனிக்கப்பட்ட பாதியில் ஒரு வருஷம் கழித்து வலியில்லாதிருந்தவர்கள் நூற்றுக்கு 60 பேர். கண்டிப்பாக வடிகட்டி ஆபரேஷன் செய்த பாதியில் 56 பேர். வயிற்றில் வரும் எல்லா வலியும் கல்லின் வலி இல்லை என்பதுதான் இதன் பொருள். 2023இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 434 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஆபரேஷனுக்கு அனுப்பி, மறு பாதியைக் கவனித்துக்கொண்டு காத்திருக்க வைத்தார்கள். பதினெட்டு மாதம் கழித்து இரு பாதியின் வலிக் கணக்கிலும் பெரிய வித்தியாசம் இல்லை. காத்திருந்தவர்களில் நாலில் ஒருவர் அதற்குள் ஆபரேஷனுக்குப் போயிருந்தார். அவசரமில்லாதவனுக்குக் காத்திருப்பது குற்றமில்லை என்று இது சொல்கிறது. பதினெட்டு மாதத்துக்கு அப்பால் இது எதுவும் சொல்லவில்லை.

ஆகவே என் கணக்கு இது. என் வலி கல்லின் வலிதான். சாப்பாட்டுக்குப் பின் வந்து, மணிக்கணக்கில் நின்று, முழுதாகப் போய்விடும் வலி வேறு ஒன்றாக இருப்பது கஷ்டம். அது இரண்டு முறை வந்துவிட்டது. பேசிய கல் பெரும்பாலும் திரும்பப் பேசும். என் கற்கள் சிறியவை. சிறிய கல்லுக்குத்தான் நாளத்துக்குள் நழுவிப் போய்க் கணையத்தைக் கிளப்பிவிடும் வாய்ப்பு அதிகம். பத்தியம் எனக்கு எட்டு மாதம் வாங்கிக் கொடுத்தது. அந்தக் காலத்தில் ஜுரமில்லை, காமாலையில்லை, உடம்பு இளைத்துக் கெடவும் இல்லை. ஆபரேஷனுக்குப் போக இதைவிட நல்ல நிலை வராது. பத்தியத்தின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. காத்திருக்கிறோம் என்று தெரிந்து காத்திருக்கிறவனுக்கு அது உதவுகிறது. குணமாகிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துக் காத்திருக்கிறவனை அது வார்ஹோலின் பதினாலாவது வருஷத்தில் கொண்டுபோய் விடும்.

எடுத்துவிடுவதாக முடிவு செய்துவிட்டேன். வருஷ முடிவுக் கணக்கு முடிந்ததும் லீவு. சர்ஜனிடம் இரண்டே விஷயம் கேட்டேன். குழாய்கள் இரண்டும் தெளிவாகத் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்? "நிறுத்திவிட்டுத் திறப்பேன், அதற்குச் சம்மதமா?" என்று திருப்பிக் கேட்டார். சம்மதம் என்றேன். பிறகு என்ன சாப்பிடலாம் என்று கேட்டேன். கொஞ்ச நாளில் எல்லாம் சாப்பிடலாம், சிலருக்கு வயிறு இளகிப் போகும், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். கல்லை என்ன செய்வீர்கள் என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார்: கேட்டால் ஒரு சின்னப் புட்டியில் போட்டுக் கொடுத்துவிடுவார்களாம். வாங்கி வைத்துக்கொள்வதாக இருக்கிறேன். கறுப்பா மஞ்சளா என்று பார்க்க வேண்டும்.